அசையும் கை, அசையாத அம்மன்

அனிமேஷன் என்றால் நமக்குக் கம்ப்யூட்டரும் சினிமாவும்தான் நினைவுக்கு வரும். பொன்னேரி வட்டாரத்தில் அது தெருவில் நடக்கிறது. ஆடி பிறந்ததும், கூழ் வார்க்கும் அம்மன் கோயில்களுக்கு முன்னால் சவுக்குக் கட்டைகளை நட்டுச் சாரம் கட்டி, முப்பது நாற்பது அடி உயரத்துக்கு ஏற்றுகிறார்களே சீரியல் லைட் சாமிகள், அவற்றைத்தான் சொல்கிறேன். மாரியம்மன், வேலேந்திய முருகன், லிங்கத்துக்குப் பாலூற்றும் யானை, படம் விரிக்கும் நாகம். பொழுது சாய்ந்து சுவிட்சைப் போட்டதும் எல்லாம் அசைய ஆரம்பிக்கின்றன. மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று புறநகர் ரயில் போகும் வழியில், வயலுக்கு அப்பால் ஏதோ ஓர் ஊரில் ஒரு கை எழுந்து ஆசி வழங்கிக்கொண்டிருக்கும்.

பார்த்துவிட்டு ‘லைட்டிங் நல்லா இருக்கு’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். கச்சேரி கேட்டால் ராகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிற நாம், இந்த போர்டுகளைப் பற்றி அரை நிமிடம்கூடப் பேசுவதில்லை. பேச நிறைய இருக்கிறது.

ஒரு நல்ல அம்மன் போர்டை எடுத்துக்கொள்வோம். முகம் அசையாது. மஞ்சளில் முகத்தின் விளிம்பு, சிவப்பில் பொட்டு, வெள்ளையில் மூக்குத்தி, பச்சையில் புடவைக் கரை எல்லாம் எரிந்தது எரிந்தபடியே இருக்கும். அசைவது வலது கை மட்டும். அதற்கு மூன்று நிலைகள்: இடுப்பருகே தாழ்ந்த கை, மார்புக்கு நேராக வந்த கை, தோளுயரத்தில் உள்ளங்கை விரிந்த கை. முதல் இரண்டும் சட்டென்று கடந்துவிடும். மூன்றாவதில் கை நிற்கும். இரண்டு மூன்று வினாடி நின்றபின்தான் உள்ளங்கையிலிருந்து கதிர்கள் கிளம்பும். கீழே நிற்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் அந்த இரண்டு மூன்று வினாடியில்தான். கை வேகமாக ஏறியதும் அழகுதான். ஆனால் ஆசி கிடைத்தது என்ற உணர்வைத் தருவது அது நின்ற விதம்.

மூன்றே படங்கள். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. இங்கே மூன்று படங்களையும் ஒரு தாமதத்தையும் வைத்துக்கொண்டு ஒருவர் ஊரையே நிறுத்திவைக்கிறார். கனடாவின் அனிமேஷன் மேதை நார்மன் மெக்லாரன், இரண்டு படங்களுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் படங்களைவிட முக்கியம் என்று கருதினார். அதற்கு என் கண் முன்னால் உள்ள சிறந்த சாட்சி இந்தக் கைதான்.

அம்மனின் இமைகளையும் சில போர்டுகளில் மூடித் திறக்க வைக்கிறார்கள். எனக்கு அது ஒருபோதும் ஒப்பவில்லை. சுயம்வரத்தில் நளனைப் போலவே வந்து நின்ற தேவர்களைத் தமயந்தி அடையாளம் கண்டது அவர்கள் கண் இமைக்காததைப் பார்த்துத்தானே? கதை தெரியாதவர்களுக்கும் கண் சிமிட்டும் அம்மன் பொம்மையாகத்தான் தெரிகிறாள். எதை அசைக்கலாம் என்று யோசிப்பவர் தொழில்காரர். எதை அசைக்கக் கூடாது என்று தெரிந்தவரையே கலைஞர் என்பேன்.

இந்த போர்டுகளைப் பகலிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். ராத்திரியில் ஒரு கையோடு நின்ற அம்மனுக்கு, பகலில் ஒரே தோளிலிருந்து மூன்று கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளைத்திருக்கும். மயிலின் தோகை மூடியது, பாதி விரிந்தது, முழுதும் விரிந்தது எல்லாம் ஒரே சட்டத்தில் சிக்கிக் கிடக்கும். காலம் முழுவதையும் ஒரே இடத்தில் மடித்து வைத்த வரைபடம் அது. வரைந்தவர் இந்தச் சிக்கலுக்குள்ளிருந்து ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார். ஒரு கையின் பல்பு இன்னொரு கையின் பல்பை மறைக்காமல் இடம் பார்த்துப் பொருத்தியிருக்கிறார். கிட்டே நின்றால் ஒன்றும் விளங்காத இந்த உருவத்தை அவர் தரையில் பரப்பிவைத்துத்தான் கட்டியிருப்பார். சாரத்தில் ஏற்றும்வரை அவரும் அதை முழுசாகப் பார்த்திருக்க முடியாது.

பழைய போர்டுகளின் நுட்பம் சொன்னால் வியப்பாக இருக்கும். 6 வோல்ட் சின்ன பல்புகளைச் சுமார் நாற்பது வரிசையாகக் கோத்தால், வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்று ஃபியூஸ் போனால் நாற்பதும் அணையும். அம்மன் மூக்குத்தி இல்லாமல் நிற்பாள், பையன் ஒருவன் சாரத்தில் ஏறி ஒவ்வொரு பல்பாகத் தொட்டுப் பார்ப்பான். அசைவைத் தந்தது ரோலர். மர உருளையின் மேல் உலோகத் தகடுகளை ஒட்டி, சின்ன மோட்டாரால் சுற்றவிடுவார்கள். உருளையைத் தொட்டுக்கொண்டு வரிசையாகக் கம்பிகள். தகடு வந்து எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அந்த வரிசை எரியும். தகடு விலகினால் அணையும்.

மோட்டார் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் தாளம் தகட்டின் நீளத்தில் இருந்தது. கை தோளுயரத்தில் நிற்க வேண்டுமா, அந்த இடத்துக்கு நீளத் தகடு. சட்டென்று கடக்க வேண்டுமா, விரலளவுத் துண்டு போதும். ரோலர் செய்தவர்கள் தகரம் வெட்டும் கத்தரியால் நேரத்தை வெட்டினார்கள். கம்ப்யூட்டரில் அனிமேஷன் செய்பவர்கள் திரையின் அடியில் ஒரு காலக்கோட்டை வைத்துக்கொண்டு இதையேதான் செய்கிறார்கள்.

யானை துதிக்கையால் பால் ஊற்றுகிற போர்டில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பால் கீழ்நோக்கி ஓடுவதுபோலக் காட்ட எத்தனை வரிசை வேண்டும்? இரண்டு போதும் என்று தோன்றும். போதாது. இரண்டு வரிசை மாறி மாறி எரிந்தால், பால் இறங்குகிறதா ஏறுகிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது, வெறுமனே மினுக்கும். மூன்றாவது வரிசை சேர்ந்த நொடியில் திசை பிறந்துவிடுகிறது. முதல், இரண்டு, மூன்று, மறுபடி முதல் என்று முறை வைத்தால் பால் நிற்காமல் இறங்கும். சிவன் சடையிலிருந்து விழும் கங்கையும் இந்த மூன்று வரிசைக் கணக்குதான்.

கண் ஏன் இப்படி ஏமாறுகிறது என்பதை ஜெர்மனியின் உளவியல் அறிஞர் மாக்ஸ் வெர்தைமர் 1912-ல் ஆராய்ந்து எழுதினார். இரண்டு கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். இடைவெளி வினாடியில் ஐந்தில் ஒரு பங்காக இருந்தபோது, ஒன்று மறைந்து மற்றொன்று வந்ததாகவே தெரிந்தது. முப்பதில் ஒரு பங்குக்குக் குறைந்தபோது இரண்டும் சேர்ந்தே இருப்பதாகத் தெரிந்தது. நடுவில், ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு என்ற அளவில், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்தது. நகர்ந்த பொருள் எதுவும் இல்லை, ஆனாலும் நகர்வைக் கண் கண்டது. நம் ஊர்க்காரர்கள் இந்த அளவைக் கண்ணாலேயே கண்டுபிடித்து ரோலரில் ஏற்றியிருந்தார்கள்.

அவர்களுக்குப் பழைய பல்பும் துணை செய்தது. இழை பல்பு உடனே அணையாது. மின்சாரம் நின்றபிறகும் கண் இமைக்கும் நேரம் சிவந்து தணியும். அடுத்த பல்பும் சூடேறித்தான் எரியும். அதனால் கீழ்க் கை மங்கிக்கொண்டிருக்கும்போதே மேல் கை துலங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு குழைவு தானாக வந்துவிடும். எல்.இ.டி. அப்படியல்ல. போட்டால் முழுசாக எரியும், எடுத்தால் முழு இருட்டு. எல்.இ.டி. வந்த புதிதில் சாமிகளின் அசைவெல்லாம் வெட்டு வெட்டாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம். மின்சாரம் மிச்சம், சூடு குறைவு. எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் குழைவைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

இப்போது வந்திருக்கும் பிக்சல் எல்.இ.டி. அதைச் சாத்தியமாக்கியிருக்கிறது. ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு சின்ன சிப். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 அளவுகள், அதாவது ஒரு விளக்குக்கு ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட நிறங்கள். கம்ப்யூட்டரில் அசைவை அமைத்து மெமரி கார்டில் ஏற்றி, கன்ட்ரோலரில் செருகினால் ஓடும். கை மங்கி இன்னொரு கை மெல்லத் துலங்குவதைத் திட்டமிட்டே செய்யலாம்.

செய்கிறார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. எல்லாம் முடியும் என்று ஆனதும் எல்லாவற்றையும் அசைக்கிறார்கள். அம்மன் முகம் பச்சையாகி நீலமாகி ஊதாவாகிறது. கிரீடம் சுழல்கிறது, கை, புடவை, சிங்கம் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. பார்க்கிறவருக்கு எங்கே கண்ணை வைப்பது என்று தெரிவதில்லை. கன்ட்ரோலரோடு வரும் ரெடிமேட் வானவில் ஓட்டத்தை அப்படியே போட்டுவிட்டு, வேகத்தையும் கடைசிவரை ஏற்றிவிடுகிறார்கள். அந்த வேகத்தில் ஆசி வழங்கும் கை கொசு விரட்டும் கை ஆகிவிடுகிறது.

நல்லவையும் வந்திருக்கின்றன. மயில் போர்டுகளில் சில, உடலை அசையாமல் வைத்துத் தோகையில் மட்டும் நீலத்திலிருந்து பச்சைக்கு ஒரு அலையை மெல்ல அனுப்புகின்றன. தோகை விரிவதில்லை, அசைவதும் இல்லை, நிறம் மட்டும் நகர்கிறது. பழைய ரோலரால் இதைச் செய்திருக்கவே முடியாது. சிறுவாபுரி, ஆண்டார்குப்பம் என்று இரண்டு முருகன் தலங்கள் உள்ள வட்டாரத்தில் மயிலுக்கு இப்படி ஒரு வடிவம் கிடைத்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

புள்ளிகளால் ஆன அசைவு தமிழர்களை எவ்வளவு ஆட்டிவைக்கும் என்பதற்குச் சினிமாவிலேயே பெரிய சான்று உண்டு. 1992-ல் சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய ‘அண்ணாமலை’யில், தேவாவின் இசையோடு நீலப் புள்ளிகள் எழுத்தெழுத்தாகக் கூடி ‘சூப்பர் ஸ்டார்’ என்றாயின. இருட்டுப் பின்னணி, தனித்தனிப் புள்ளிகள், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிறுத்தம். கோயில் போர்டின் இலக்கணமேதான். அதே சூப்பர் ஸ்டாரின் உருவத்தை மோஷன் கேப்சர் முறையில் முழுசாக அசைக்க முயன்ற ‘கோச்சடையான்’ 2014-ல் வந்தது. துணிச்சலான முயற்சி, அதை மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் படத்தின் முகங்கள் எனக்குத் தராத சிலிர்ப்பை, அந்த நீலப் புள்ளிகள் இன்றும் தருகின்றன.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் வங்காளத் தொழிலாளர்களுக்கு இந்த போர்டுகள் அந்நியமல்ல. அவர்கள் மாநிலத்துச் சந்தன்நகர், புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர், அசையும் மின்விளக்குச் சித்திரங்களுக்குப் பேர்போனது. ஜகத்தாத்ரி பூஜை ஊர்வலத்தில் அவை தெருத்தெருவாகப் போகும். அங்கே ஸ்ரீதர் தாஸ் என்ற கலைஞரை இந்தக் கலையின் முன்னோடி என்று பெயர் சொல்லிக் கொண்டாடுகிறார்கள்.

நம்மிடம் அது இல்லை. திருவிழா நோட்டீஸில் உபயதாரர் பெயர் இருக்கும், நாதஸ்வர வித்வான் பெயர் இருக்கும், ‘ஒலி, ஒளி அமைப்பு’ என்று சவுண்ட் சர்வீஸின் பெயரும் இருக்கும். அம்மனின் கை எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவரின் பெயர் இருக்காது. சித்திரையில் கரிகிருஷ்ணப் பெருமாளும் அகத்தீஸ்வரரும் பொன்னேரித் தெருவில் சந்திக்கும் ஹரிஹர உற்சவம், ஆடியில் ஜனப்பன்சத்திரம் கூட்டுரோடு வழியாகப் பெரியபாளையத்துக்குப் போகும் கூட்டம், பிறகு விநாயகர் சதுர்த்தி என்று வருஷம் முழுக்க வாய்ப்புகள் இருக்கின்றன. கோயில் கமிட்டிக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: போர்டு வாடகைக்குப் பேசும்போது உயரத்தை மட்டும் கேட்காதீர்கள். ஓடவிட்டுப் பாருங்கள், வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், அமைத்தவரின் பெயரை நோட்டீஸில் போடுங்கள். தரமணி அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் படிக்கும் பிள்ளைகளே, நீங்களும் இந்த ஆடியில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்துப் பொன்னேரியில் இறங்குங்கள். போர்டு ஏற்றும் பகலிலேயே வந்துவிடுங்கள், கட்டுபவரோடு பேசுங்கள், விளக்கு எரியும்வரை இருங்கள்.