ஸ்வீப்பைக் கேட்கப் பழகுவது எப்படி?

ஆடி பிறந்துவிட்டால் மாத்தூர் எம்.எம்.டி.ஏ. பக்கம் அம்மன் கோயில்களில் பெரிய பாக்ஸ் கட்டிப் பாட்டுப் போடுவார்கள். இரண்டு தெரு தள்ளி நின்றால் காதில் விழுவது வெறும் ‘தும் தும்’. முனை திரும்பினால் பாடுகிறவரின் குரல் தெளியும். பந்தலுக்கு நேரே வந்த பிறகுதான் ஜால்ராவின் ‘சிங்’ கேட்கும். பாட்டும் அதேதான், சுருதியும் அதேதான். வீடுகளும் சுவர்களும் தடுத்து வைத்திருந்த மேல் அதிர்வெண்கள், நாம் நடக்க நடக்க வெளியே வந்தன, அவ்வளவுதான். சின்தசைசரில் ஒரு குமிழைத் திருகி இதையே செய்தால் அதற்குப் பெயர் ஸ்வீப்.

நமக்கு இதைக் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. நம் காது கமகத்தில் வளர்ந்தது. வீணைத் தந்தியை இழுத்தாலும் உறுமியைத் தேய்த்தாலும் ஸ்வரம் எங்கே வழுக்கிப் போகிறது என்றுதான் கவனிப்போம். ஸ்வீப்பில் ஸ்வரம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், நிறம் மட்டும் நகரும். சந்தேகம் இருந்தால் உங்களுக்கு வசதியான ஒரு சுருதியைப் பிடித்து, அதை விடாமல் ‘ஊ’ என்று தொடங்கி மெதுவாக ‘ஈ’ வரை வாயை மாற்றிக்கொண்டே போங்கள். குரல் ஏறவில்லை, ஆனாலும் ஏதோ ஒன்று ஏறியது. கச்சேரியில் மோர்சிங் வாசிப்பவர் ஒரே நாக்கை மீட்டி வாய்க்குள் அத்தனை ஒலி காட்டுவதும் இந்த வித்தைதான்.

சின்தசைசரில் வாய்க்குப் பதிலாக ஃபில்டர் இருக்கிறது. ரம்பப்பல் வடிவ அலையை எடுத்துக்கொள்வோம். சட்ஜமம் 110 ஹெர்ட்ஸ் என்றால், அதற்குள் 220, 330, 440, 550 என்று மடங்குகள் அடுக்கடுக்காக இருக்கும். லோ பாஸ் ஃபில்டரின் எல்லையை, அதாவது கட்ஆஃபை, 200-ல் வைத்தால் அடி ஒலி மட்டும் தப்பி வரும். எல்லையை உயர்த்த உயர்த்த மேலே உள்ளவை ஒவ்வொன்றாக விடுதலையாகும். ரெசோனன்ஸ் என்ற இன்னொரு குமிழ், எல்லை எந்த மடங்கைத் தொடுகிறதோ அதைத் தூக்கிக் காட்டும். அதைக் கொஞ்சம் கூட்டிவிட்டு மெதுவாகத் திருகிக் கேளுங்கள். 330-ல் மேல்ஸ்தாயிப் பஞ்சமம் விசிலடிக்கும், 550-ல் அந்தர காந்தாரம். தம்புராவை நன்றாகச் சேர்த்தால் யாரும் மீட்டாமலே கேட்கும் அதே காந்தாரம்! கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சலுகை உண்டு என்றே சொல்வேன். மற்றவர்கள் வெறும் ‘வ்வ்வ்யாவ்’ என்று கேட்பதற்குள் இவர்களால் ச, ப, க பிரித்துவிட முடியும்.

தமிழ் ரசிகருக்கு மின்னணு இசை என்றதும் 1986-ல் இளையராஜா சீக்வென்சர் வைத்துச் செய்த ‘புன்னகை மன்னன்’ ஞாபகம் வரும். அதற்கு நான்கு வருடம் முன்பே, 1982-ல், மும்பையில் இந்திப்பட வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள். கையில் இருந்தவை ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகள்: தாளத்துக்கு டி.ஆர். 808, அடிஒலிக்கு டி.பி. 303, ராகத்துக்கு ஜூபிடர் 8. அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்ததும் உலகம் திரும்பிப் பார்த்தது, ஏனென்றால் 303-ஐ வைத்து சிகாகோவில் பிறந்த ‘ஆசிட்’ இசையின் முதல் பெரிய பதிவு வந்ததே 1987-ல்தான்.

நம் பயிற்சிக்கு அந்தத் தட்டைவிட நல்ல பாடம் கிடையாது. பூபாலியிலிருந்து தொடங்குங்கள், நம் மோகனம்தான். அல்லது மால்கௌன்ஸ், அதாவது ஹிந்தோளம். மேலே ஜூபிடரில் ஸ்வரங்கள் வழுக்குவதை உங்கள் காது தானாகப் பிடித்துக்கொள்ளும். முதல் முறை அதற்கு அனுமதி கொடுங்கள். இரண்டாம் முறை ராகத்தை விட்டுவிட்டு, கீழே விடாமல் ஓடும் 303-ஐ மட்டும் தொடருங்கள். அங்கே ஃபில்டரால் ஒலி மங்குவதும் கூர்மையாவதும் தெரியும். ஒரே பாட்டில் கமகமும் நிறமாற்றமும் மேலும் கீழுமாக!

ரசனை முழுதாக வர வேண்டுமானால் நாமே ஒன்று செய்து பார்த்துவிட வேண்டும். வைட்டல், சர்ஜ் எக்ஸ்.டி. போன்ற சின்த் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ரம்பப்பல் அலை, லோ பாஸ் ஃபில்டர், 24 டெசிபல் சரிவு, ரெசோனன்ஸ் மூன்றில் ஒரு பங்கு. வேகம் நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தத்துக்கு, அதாவது பதினாறு அடிக்கு, 8 நொடி. அந்த 8 நொடியில் கட்ஆஃபை 200-லிருந்து 8000 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோங்கள். ஹெர்ட்ஸ் கணக்கில் ஒரே சீராக ஏற்றினால் முதல் நொடியிலேயே காதுக்குத் தெரியும் மாற்றத்தில் பாதி முடிந்துவிடும், மீதி நேரம் சலிப்பு. காது கணக்கிடுவது ஸ்தாயிகளில். ஆகவே தொடக்கத்தில் நத்தை வேகம், கடைசியில் பாய்ச்சல் என்று கோடு வளைய வேண்டும். பல சின்த்களில் குமிழே அப்படித்தான் அமைந்திருக்கும்.

அலைக்குப் பதில் நாய்ஸை, அதாவது வெறும் இரைச்சலைப் போட்டால் இன்னொரு வகை ஸ்வீப் கிடைக்கும். மணலி சாலையில் கன்டெய்னர் டிரெய்லர் ஏர் பிரேக் விடும்போது வரும் ‘புஸ்’ஸை நீட்டி, ஃபில்டரைத் திறந்தபடியே போனால் சினிமா டிரெய்லர்களில் உச்சத்துக்கு முன்னால் வருமே, அந்த ஏற்றம். இன்று எல்லாரும் இதைத்தான் அள்ளிப் போடுகிறார்கள். பெரும்பாலும் எனக்கு அலுப்பு: எதற்காக ஏறுகிறது என்ற கேள்விக்குப் பாட்டில் பதில் இருக்காது. திறப்பதைவிட மூடும் ஸ்வீப் அழகு என்பது என் கட்சி. பளிச்சென்ற ஒலி சிறிது சிறிதாக மங்கி, கடைசியில் அடி ஒலி மட்டும் மிஞ்சும்போது அதுவரை கவனிக்காத தாளம் ஒன்று அடியில் கேட்கும்.

இதையெல்லாம் போன் ஸ்பீக்கரில் முயல வேண்டாம். அதில் அடி ஒலி வராது, ஸ்வீப்பின் தொடக்கமே காணாமல் போகும். சாதாரண ஒயர் ஹெட்போன் போதும். முதலில் சத்தத்தைக் குறைத்து வையுங்கள், ரெசோனன்ஸ் கூடிய ஸ்வீப் எதிர்பாராத இடத்தில் காதைக் குத்தும்.