இலை வழி வந்த சொந்தம்

நிஷாகந்திச் செடி ஆண்டில் பெரும்பகுதி லட்சணம் இல்லாமல்தான் நிற்கும். கோணல்மாணலாக நீண்டு சாயும் கொம்புகள், பட்டை பட்டையாகத் தொங்கும் பச்சை, அடியில் காய்ந்த கட்டை. வீட்டுக்கு வருகிறவர்கள், ‘இதை எதுக்கு வெச்சிருக்கீங்க?’ என்று கேட்பார்கள். ஆனாலும் வீடு மாறும்போது பீரோவை விற்றுவிட்டு இந்தத் தொட்டியை வண்டியில் ஏற்றிய குடும்பங்கள் உண்டு. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று.

பலர் இதைப் பிரம்ம கமலம் என்கிறார்கள். உத்தராகண்டின் மாநில மலரான இமயமலைப் பிரம்ம கமலம் வேறு. அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இது கள்ளி. பூர்வீகம் தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலாப் பக்கத்துக் காடுகள். அங்கே மரக்கிளைகளில் தொற்றி வளர்வதால், கள்ளியாக இருந்தும் உச்சிவெயில் இதற்கு ஆகாது. காலை வெயில் மட்டும் எட்டிப் பார்க்கும் திண்ணையோரமே போதும். நாம் இலை என்று சொல்வது தட்டையான தண்டு. அதன் ஓரத்துப் பள்ளங்களில்தான் மொட்டு வரும்.

இந்தச் செடியை ரசிக்க முதலில் மொட்டைப் பார்க்கப் பழக வேண்டும். ஆரம்பத்தில் சிவந்த சிறு முனை. நாளாக ஆக நீண்ட காம்பு இறங்கி, நுனி பருத்துத் தொங்கும். பிறகு கொக்கு கழுத்தை வளைப்பதுபோல் வளைந்து மேலே நிமிரும். எங்கள் அப்பத்தா தினமும் பார்த்துக்கொண்டே இருந்து, ‘கழுத்தைத் தூக்கிருச்சு, இன்னைக்கு ராத்திரிதான்’ என்பார். தெருவில் நாலு வீட்டுக்குச் சேதி போகும்.

இருட்டியதும் மொட்டின் வாய் தளரும். வெளியே உள்ள செம்மை படர்ந்த மெல்லிதழ்கள் முதலில் பின்னோக்கிச் சுருளும். உள்ளே வெள்ளை இதழ்கள் அடுக்கடுக்காக விரியும். பூவின் உதடு மெல்ல அதிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நள்ளிரவை நெருங்கும்போது முழுதாகத் திறந்துவிடும். நடுவில் மஞ்சள் முனை கொண்ட மகரந்தக் கம்பிகள், அவற்றுக்கு மேலே நட்சத்திரமாகப் பிரிந்த சூல்முடி. அதைப் பாம்புப் படத்தின் கீழ் பெருமாள் பள்ளிகொண்டதாகக் கண்டு கற்பூரம் ஏற்றுகிறவர்கள் உண்டு. அந்த வெண்மையும் வாசமும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்கு. விடியும்போது பூ துவண்டு தொங்கும்.

ஒரே இரவுப் பூ என்பதால் தனியாகப் பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில், செடி வைத்திருப்பவர்கள் பூக்கப்போவதைப் பத்திரிகையில் அறிவித்து மற்றவர்களை அழைப்பது வழக்கமாக இருந்தது. எழுத்தாளர் யூடோரா வெல்டியும் நண்பர்களும் 1930களில் இதற்கென்றே ஒரு குழு வைத்திருந்தார்கள். நம் தெருவில் அதற்கு ஒரு தூக்குப்பாத்திரம் காபியும் பாயும் போதும். அந்த இரவுகள்தான் குடும்பத்தின் காலண்டர். ‘ஒரே ராத்திரியில பன்னெண்டு பூத்துச்சே, அந்த வருஷம்தான் சித்தி கல்யாணம்’ என்றுதான் எங்கள் வீட்டில் இன்றும் கணக்கு.

கல்யாணமாகிப் போன பெண்கள் எல்லாரும் ஆளுக்கு ஓர் இலை கொண்டுபோனார்கள். வெட்டிய வாயை நிழலில் சில நாள் உலரவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். தண்ணீர் தேங்கினால் அழுகும். தொட்டி கொஞ்சம் நெருக்கமாக இருந்தால் நன்றாகப் பூக்கும். விதை போட்டு வந்தால் அது பிள்ளை. இலை ஊன்றி வந்தால் அதே செடி. அப்பத்தாவின் தொட்டி பழுதாகி உடைந்துபோனது. ஆனால் திருச்சியில் அத்தை வீட்டு மாடியிலும் கோவையில் சித்தி வீட்டு பால்கனியிலும் பூப்பது அவர் தண்ணீர் ஊற்றிய செடியேதான். தேக்குக் கட்டிலுக்கும் வெண்கலப் பானைக்கும் பாகப்பிரிவினையில் சண்டை வரும். இதைப் பங்கு போடப் போட எல்லாருக்கும் முழுதாகக் கிடைக்கிறது.

உங்கள் வீட்டில் இந்தச் செடி இருந்தால், கேட்பவர்களுக்கு இலை இல்லை என்று சொல்லாதீர்கள். நீங்கள் வாங்கிக்கொண்டால், அது யார் வீட்டிலிருந்து வந்தது என்று தொட்டியில் எழுதிவையுங்கள்.