பூட்டு – சாவி உவமையின் எல்லை: புரத உருவாக்கத்தில் நொதிகளின் தளப்பொருள் இனங்காணல்

முன்னுரை

நொதி தன் தளப்பொருளை எவ்வாறு இனங்காண்கிறது என்னும் வினாவுக்கு எமில் ஃபிஷர் 1894இல் முன்வைத்த பூட்டு – சாவி உவமையே பாடநூல்களில் இன்றும் முதல் விடையாக இடம்பெறுகிறது. புரத உருவாக்கத்தை விளக்க அவ்வுவமை போதுமானதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இனங்காணலின் களம்

ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் அதற்குரிய கடத்து ஆர்.என்.ஏ.வுடன் இணைப்பவை அமினோஅசைல் கடத்து ஆர்.என்.ஏ. சிந்தெட்டேஸ் நொதிகள் ஆகும். 1962இல் பிரான்சுவா சாப்வில் குழுவினர், கடத்து ஆர்.என்.ஏ.வில் இணைந்திருந்த சிஸ்டீனை வேதிமுறையில் அலனினாக மாற்றினர். சிஸ்டீன் வரவேண்டிய இடத்தில் அலனின் சேர்ந்தது. ரைபோசோம் நோக்கியது எதிர்க்கோடானையே. சுமந்துவரப்பட்ட அமினோ அமிலத்தை அன்று. ஆகவே, மரபுக் குறியீட்டின் நம்பகத்தன்மை பெரிதும் இந்நொதிகளின் தெரிவையே சார்ந்துள்ளது.

உவமை தடுமாறும் இடம்

வாலின், ஐசோலியூசினைவிட ஒரு மெத்திலீன் தொகுதி அளவே சிறியது. ஐசோலியூசினுக்குரிய செயல் மையத்தில் பெரிய அமினோ அமிலம் நுழையாது என்பதை உவமை விளக்குகிறது. சிறிய வாலின் ஏன் ஏற்கப்படுவதில்லை என்பதற்கு அதனிடம் விடையில்லை. இச்சிக்கலை 1950களில் கணக்கிட்ட லைனஸ் பாலிங், ஏறத்தாழ இருபதில் ஒன்று என்ற அளவில் பிழை நேரலாம் என மதிப்பிட்டார். புரதங்களில் அளந்தறியப்பட்ட பிழையோ ஏறத்தாழ 3000இல் ஒன்றுதான்.

டேனியல் கோஷ்லாண்ட் 1958இல் முன்வைத்த தூண்டப்பட்ட பொருத்தக் கோட்பாடு, நுழையும் சிறிய மூலக்கூறு நொதியைச் செயல்நிலைக்குக் கொண்டுவராது என்று இதற்கு விடைகூற முயலலாம். ஆயினும் வாலின் நுழைவதோடு நிற்பதில்லை, ஏ.டி.பி.யுடன் வினைபுரிந்து வாலின் – ஏ.எம்.பி.யாகவும் மாறுகிறது. எனவே, அவ்விடையும் முழுமையானதன்று.

விலக்கலும் இனங்காணலே

உரிய கடத்து ஆர்.என்.ஏ. சேர்க்கப்பட்டதும், தான் உருவாக்கிய வாலின் – ஏ.எம்.பி.யை அந்நொதியே நீராற்பகுப்பதை ஆன் பால்ட்வினும் பால் பெர்க்கும் 1966இல் காட்டினர். ஆலன் ஃபெர்ஷ்ட் இதனை 'இரட்டைச் சல்லடை' என விளக்கினார். முதல் மையம் பெரியவற்றைத் தடுக்கிறது. இரண்டாவதான திருத்த மையத்தில் ஐசோலியூசினுக்கு இடமில்லை. அங்கே நுழையும் வாலின் விலக்கப்படுகிறது. இவ்விலக்கலுக்கு நொதி ஏ.டி.பி.யைச் செலவிடுகிறது.

சல்லடை உவமைக்கும் எல்லை உண்டு. வாலினும் திரியோனினும் ஏறத்தாழ ஒரே அளவின. வாலினுக்குரிய சிந்தெட்டேஸ், திரியோனினை அதன் ஹைட்ராக்சில் தொகுதியைக் கொண்டே பிரித்தறிந்து விலக்குகிறது. அளவோடு வேதிப்பண்பும் அளவுகோலாகிறது என்பதே இதன் பொருள்.

இத்திருத்தம் சிறிது குன்றினாலும் விளைவு கடுமையானது. அலனினுக்குரிய சிந்தெட்டேஸின் திருத்தப் பகுதியில் மாற்றமுற்ற எலிகளில், தவறாக மடிந்த புரதங்கள் சேர்ந்து சிறுமூளையின் பர்கின்ஜி நரம்பணுக்கள் அழிவதை 2006இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

முடிவுரை

பூட்டு – சாவி உவமை இனங்காணலைப் பொருந்துதல் என்னும் ஒற்றைக் கணத்தில் முடித்துவிடுகிறது. புரத உருவாக்கத்திலோ அது ஏற்றல், சோதித்தல், விலக்கல் எனத் தொடரும், ஆற்றல் செலவிடப்படும் நிகழ்வாகும். அவ்வுவமையைக் கைவிட வேண்டியதில்லை. அதனை முதற்படியாக மட்டும் கற்பித்து, திருத்தச் செயற்பாட்டையும் உடன்விளக்குவதே பொருத்தமுடையது.