கிட்டே வரும் கடற்பசு

காலின் எகல்ஸ்டன் இயக்கிய ஆஸ்திரேலியப் படம் 'லாங் வீக்கெண்ட்' (1978). ஆளில்லாத கடற்கரையில் கூடாரம் போடும் பீட்டர், மார்சியா தம்பதியை இயற்கை பழிவாங்கும் கதை என்பார்கள். எனக்கு அப்படித் தோணல. பீட்டர் சுட்ட கடற்பசுவின் உடல், மறுபடி பார்க்கும்போது கூடாரத்துக்கு இன்னும் கிட்டத்தில் கிடக்கிறது. எப்படி வந்தது என்பதைப் படம் விளக்குவதே இல்லை. (நம்ம லாக் ஃபைல் மாதிரிதான்: ரெண்டு வரி இருக்கும், நடுவுல என்ன நடந்ததுன்னு இருக்காது.) பயம் அந்த இடைவெளியில் இருக்கிறது. மார்சியாவின் கருக்கலைப்பும் அப்படித்தான். அவர்கள் பேசாமல் தள்ளிவைக்கத் தள்ளிவைக்க, சண்டைக்குச் சண்டை அது நெருங்கி வருகிறது. கடைசியில் அவளைக் கொல்வது எந்த விலங்கும் இல்லை. இருட்டில், ஏதோ வருகிறது என்று பயந்து பீட்டர் விடுகிற மீன் ஈட்டி.