ரூப் கௌர் ஏன் அழுதாள்?

எல்லையைப் பற்றி எழுதப்பட்ட கதைகளில் பரவலாக வாசிக்கப்பட்டது சஆதத் ஹசன் மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' (1955). பிரிவினை முடிந்து சில வருசம் கழித்து இந்தியாவும் பாகிஸ்தானும் மனநோயாளிகளைப் பரிமாறிக்கொள்கின்றன. லாகூர் விடுதியிலிருந்து வாகா எல்லைக்குக் கொண்டுவரப்படும் பிஷன் சிங், எந்தப் பக்கமும் போகமாட்டேன் என்று நின்று, இரண்டு நாட்டு வேலிகளுக்கும் நடுவில் விழுகிறார். பைத்தியம் அவருக்கல்ல, எல்லை போட்டவர்களுக்குத்தான் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எம்.ஏ. வகுப்பிலும் இதே பாடம்தான். சரியான வாசிப்புதான். ஆனால் அதே கதைக்குள் ஒரு பெண்பிள்ளையும் இருக்கிறாள்.

அவள் பெயர் ரூப் கௌர். பிஷன் சிங்கின் மகள். அப்பாவைப் பார்க்க விடுதிக்கு வரும்போது சின்னப் பிள்ளையாக அழுதாள். வளர்ந்து குமரியான பிறகும் அழுதாள். அப்பாவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. பிரிவினைக்குப் பிறகு பழைய சிநேகிதர் ஃபசல்தீன் சேதி கொண்டுவருகிறார். குடும்பம் பத்திரமாக இந்தியா போய்ச் சேர்ந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ரூப் கௌர் பெயரை எடுத்ததும் தடுமாறுகிறார். பிறகு அவளும் நல்லாயிருக்காள் என்று அவசரமாக முடிக்கிறார். அந்தத் தடுமாற்றத்துக்குள் என்ன இருக்கிறது என்று மண்ட்டோவுக்குத் தெரியும். தெரிந்துதான் அங்கே நிறுத்தினார். என் கேள்வி மண்ட்டோவிடம் அல்ல. அப்பன் பைத்தியத்துக்குத் தத்துவம் எழுதிய விமர்சகர்கள் மகள் அழுகைக்கு எத்தனை வரி ஒதுக்கினார்கள்?

இது பழைய கதையைக் கிண்டுகிற வேலை இல்லை. 1947க்குப் பிறகு நாட்டெல்லையாகிவிட்ட கோடு ஜம்முப் பகுதியின் கதுவா, சம்பா, ஜம்மு மாவட்டங்களின் ஓரமாகப் போகிறது. அதற்கு மேலே ரஜௌரி, பூஞ்ச் பக்கம் கட்டுப்பாட்டுக் கோடு. 2003 நவம்பரில் சண்டை நிறுத்தம் வந்தது, பிறகு அது வருசக்கணக்கில் மீறப்பட்டது. 2021 பிப்ரவரியில் மறுபடி உறுதி சொன்னார்கள். 2025 மே மாதம் பூஞ்ச் நகரத்துக்குள்ளேயே குண்டு விழுந்து பள்ளிப் பிள்ளைகளும் செத்தார்கள். குண்டு விழ ஆரம்பித்தால் பள்ளிக்கூடம் மூடுகிறது. சில நேரம் பள்ளிக்கூடமே அகதி முகாமாகிறது.

இந்தப் பிள்ளைகளின் மனசை அளக்க ஆய்வாளர்கள் கேள்வித்தாளோடு போகிறார்கள். தூக்கம் வருதா, கெட்ட கனவு வருதா, சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குதா, படிப்பு மனசில் நிற்குதா? கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் துயரம் முழுக்கக் குண்டுச் சத்தத்தில் முடிந்துவிடுகிறது. அவள் யார், எந்தத் தெரு, நிலம் யாருடையது என்பதெல்லாம் தாளுக்கு வெளியே நிற்கிறது. ஃபசல்தீன் தடுமாறிய அதே இடத்தில் இந்தத் தாளும் தடுமாறுகிறது.

அரசாங்கத்தின் கணக்கையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். ஜம்மு எல்லை மாவட்டங்களுக்கென்று 14,460 பதுங்கு அறைகள் கட்ட 2017இல் ஒன்றிய அரசு அனுமதி கொடுத்தது. குடும்பத்துக்கான அறை 160 சதுர அடி, அதில் 8 பேர். பொது அறை 800 சதுர அடி, அதில் 40 பேர். எப்படி வகுத்தாலும் ஆளுக்கு 20 சதுர அடி. ஒரு பாய் விரிக்கலாம். உயிர் தப்ப அது வேணும், மறுக்கவில்லை. ஆனால் வயசுக்கு வந்த பிள்ளை அந்த 20 சதுர அடியில் எப்படித் துணி மாற்றும்? பத்தாவது பரீட்சைக்கு எங்கே உட்கார்ந்து படிக்கும்? பொது அறையில் யார் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? சிமெண்டுக் கணக்கு போட்டவர்களுக்கு அவள் எட்டுத் தலையில் ஒரு தலை, அவ்வளவுதான்.

கடைசிக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் அன்றைய ஜம்மு காஷ்மீர் மாநிலம் முழுக்கப் பட்டியல் சாதியினர் 7.4 விழுக்காடு. ஜம்மு, சம்பா மாவட்டங்களிலோ ஏறக்குறைய நாலில் ஒருவர். எல்லையோரம் என்று பொதுவாகச் சொல்லும்போது அதற்குள் நம்ம பிள்ளைங்க கணிசம். எல்லையிலிருந்து ரொம்பத் தூரமில்லாத ஜம்மு நகரத்தைப் பாருங்கள். 1957இல் பஞ்சாபிலிருந்து வால்மீகி மக்களைத் துப்புரவு வேலைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு மாநில அரசு வேலை என்றால் துப்புரவு வேலை மட்டும்தான் என்று விதி வைத்தார்கள். 2019 வரை, 62 வருசம், அந்த விதி நின்றது. பட்டம் வாங்கினாலும் விளக்குமாறுதான் என்று சட்டமே சொன்ன ஊரில் ஒரு சிறுமி எந்த நம்பிக்கையில் புத்தகத்தைத் திறந்திருப்பாள்? இதை அளக்கிற கேள்வித்தாள் எது?

எல்லைக்கும் சாதிக்கும் உறவு முதல் நாளிலிருந்தே உண்டு. தாழ்த்தப்பட்ட மக்களைப் பாகிஸ்தான் வெளியேற விடாமல் தடுக்கிறது என்று 1947 டிசம்பரிலேயே அம்பேத்கர் நேருவுக்கு எழுதினார். மலம் அள்ள ஆள் வேணுமே! இந்த வரலாற்றை ஊர்வசி புட்டாலியாவின் 'தி அதர் சைட் ஆஃப் சைலன்ஸ்' (1998) விரிவாகப் பேசுகிறது. அதில் பஞ்சாபைச் சேர்ந்த மாயா ராணி என்ற தலித் பெண் தன் கதையைத் தானே சொல்கிறார். பிரிவினை நேரத்தில் அவர் பதின்வயசுப் பிள்ளை. ஆளில்லாத வீடுகளில் தோழிகளோடு புகுந்து பண்டபாத்திரம் எடுத்துவந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். பேட்டி எடுத்தபோது அவர் பள்ளிக்கூடங்களில் துப்புரவுத் தொழிலாளி. அந்தப் பேச்சில் விமர்சகர்கள் எதிர்பார்க்கிற கண்ணீர் இல்லை, பரிதாபம் இல்லை. அதனால்தான் அது எனக்கு முக்கியம். பெண்பிள்ளை தானே பேசும்போது, ஆய்வாளர் கையில் இருக்கிற கட்டத்துக்குள் அவள் அடங்குவதில்லை.

மனஅழுத்தம் என்ற சொல்லை நான் நிராகரிக்கவில்லை. எல்லையோரப் பள்ளிகளுக்கு மனநல ஆலோசகர் வேணும், அதிலும் பெண் ஆலோசகர் வேணும். ஆனால் அழுத்துகிறது எது என்று சொல்லாமல் அழுத்தத்தை மட்டும் அளந்தால், நோய் அவள் தலைக்குள் இருக்கிறது என்று எழுதி முடித்துவிடலாம், அரசும் சாதியும் தப்பித்துக்கொள்ளும். தோழர்கள், மாணவர்கள் இனி ஆய்வேட்டை விரித்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தப் பிள்ளையின் சாதி என்ன என்று கேட்டார்களா? பள்ளி மூடின நாட்களில் அவள் என்ன வேலை செய்தாள் என்று கேட்டார்களா? அவள் சொன்ன ஒரு வாக்கியமாவது அவள் வாய்மொழியில் அச்சாகியிருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அந்த ஏட்டை மூடி வைத்துவிட்டு அவளிடமே போய்க் கேளுங்கள்.