ஒலிவியா ஏமாந்தாளா?

ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்துக்குக் கல்லூரி நோட்ஸ் எழுதுகிறவர்கள் ஒலிவியாவை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆண் வேஷத்தில் வந்த பெண்ணைப் பார்த்து மயங்கினாள். நிஜமான ஆண்பிள்ளை வந்ததும் எல்லாம் நேராகிவிட்டது. வேஷத்தால் ஏமாந்தாள் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இந்தக் கணக்கு ஒப்பவில்லை.

சகோதரன் இறந்த துக்கத்தில் ஏழு வருஷம் முகத்திரை போட்டுக்கொண்டு இருப்பதென்று சங்கல்பம் செய்துகொண்டவள் ஒலிவியா. ஆர்ஸினோ பிரபு அவள்மேல் பித்தாக இருக்கிறான். குலம், படிப்பு, வீரம் ஒன்றிலும் அவன் குறைந்தவனல்ல என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். ஆனாலும் அவனிடம் மனம் போகவில்லை. அவனுடைய தூதாக ஸெஸாரியோ என்ற பையன் வருகிறான். கப்பல் உடைந்து கரையேறிய வயோலாதான் அந்தப் பையன். ஒரே சந்திப்பு, ஒலிவியாவின் விரதம் போன இடம் தெரியவில்லை.

நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்த புகழுரையைக் கேட்க ஒலிவியாவுக்குப் பொறுமை இல்லை. நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறாள். அப்போதுதான் வயோலா பாடத்தை விட்டுவிட்டுத் தன் மனசிலிருந்து பேசத் தொடங்குகிறாள். வாசலில் குடிசை போட்டுக்கொண்டு கிடப்பதையும், நள்ளிரவில் பெயரைச் சொல்லிக் கூவுவதையும் பற்றிச் சொல்கிறாள். எந்த ஆண்பிள்ளையும் ஒலிவியாவிடம் அப்படிப் பேசியதில்லை. தன்னை ஒருவன் எப்படிக் காதலிக்க வேண்டும் என்று ஒரு பெண் ஏங்குவாளோ, அந்த ஏக்கம் அல்லவா அங்கே பேசுகிறது? வயோலாவே உள்ளுக்குள் ஆர்ஸினோவுக்காக ஏங்குகிறவள். ஒலிவியாவின் கண் ஏமாந்திருக்கலாம். காதுக்கு விழுந்தது ஒரு பெண்ணின் குரல்தான்.

இன்னொரு வேடிக்கை. ஸெஸாரியோவின் உதடும் குரலும் பெண்ணுடையவை போல இருக்கின்றன, ஆகவே காரியம் பலிக்கும் என்று அவனைப் பொறுக்கி அனுப்புகிறவனே ஆர்ஸினோதான். 1602 பிப்ரவரி 2-ஆம் தேதி லண்டனில் சட்ட மாணவர்களின் மிடில் டெம்பிள் மண்டபத்தில் இந்த நாடகம் நடந்தபோது இரண்டு பெண் பாத்திரங்களையும் போட்டவர்கள் பையன்கள். பெண்ணாக வந்து ஆணாக மாறிய ஒரு பையனிடம், பெண்ணாக வந்த இன்னொரு பையன் மனசைப் பறிகொடுத்தான்!

வேஷத்தில் ஏமாறுவதுதான் காரணமென்றால், ஏமாற இடமே இல்லாத மேடையில் என்ன நடக்க வேண்டும்? ஜப்பானில் தகராஸுகா என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குத் தம் ரயிலில் ஜனங்களை இழுப்பதற்காக இச்சிஸோ கொபயாஷி என்பவர் ஒரு பெண்கள் குழுவை ஏற்படுத்தினார். 1914-ல் உபயோகமில்லாத நீச்சல் குளத்தைக் கொட்டகையாக்கி முதல் ஆட்டம் நடந்தது. அத்தனை வேஷமும் பெண்களே போடுகிறார்கள். ஆண் பாத்திரக்காரி தலைமயிரைக் கத்தரித்து, குரலைத் தாழ்த்தி, வருஷக்கணக்கில் ஆணாகவே நடிக்கிறாள். அவளுக்காக வாசலில் கடிதத்தோடு காத்து நிற்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவள் பெண் என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவருமில்லை. 1974-லிருந்து அங்கே ஆடப்படும் 'வெர்ஸேல்ஸ் ரோஜா'வின் நாயகி ஆஸ்கார், ஆணாக வளர்க்கப்பட்ட தளபதி.

கல்யாணத்துக்கு முன் வரும் ஒத்திகை இது என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். பெண்ணுக்குப் பெண்மேல் காதல், அவ்வளவுதான் என்கிறார்கள் சிலர். இரு கட்சிக்கும் அவசரம். அவளை அடைய வேண்டும் என்று ஒருத்தி நினைக்கலாம், அவளாக ஆகிவிட வேண்டும் என்று இன்னொருத்தி நினைக்கலாம். அதே பெண் இன்றைக்கு ஒன்றும் நாளைக்கு மற்றொன்றும் நினைக்கலாம். ஒலிவியாவைப் பாருங்கள். ஸெஸாரியோவைக் கண்ட பிறகு அவள் காதலிக்கப்படுகிறவளாக உட்கார்ந்திருக்கவில்லை. மோதிரம் கொடுத்தனுப்புகிறாள், பாதிரியாரைக் கையோடு அழைத்து வருகிறாள். ஆசைப்பட்ட ஆளின் காரியத்தை அவளே செய்யத் தொடங்கிவிட்டாள்.

முடிவில் ஷேக்ஸ்பியர் இரட்டைச் சகோதரன் செபாஸ்தியனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். முகம் அதேதான். ஆனால் குடிசையைப் பற்றிப் பேசியவன் அவனல்லவே! உண்மை தெரிந்த பின் வயோலாவைச் சகோதரி என்று ஏற்றுக்கொள்ள மட்டும் ஒலிவியாவுக்கு வாய் வருகிறது; இழந்ததைப் பற்றிப் பேச நாடகாசிரியர் அவளுக்கு ஒரு வார்த்தை கொடுக்கவில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. வயோலாவின் பெண் உடையோ கப்பல் தலைவனிடம் இருக்கிறது. அவன் மால்வோலியோ போட்ட வழக்கில் சிறையில் கிடக்கிறான். ஆகவே வயோலா கடைசிவரை ஆண் உடையில்தான் நிற்கிறாள். ஆர்ஸினோ அவளை ஸெஸாரியோ என்று கூப்பிட்டுத்தான் அழைத்துப் போகிறான். அவனைப் பார்த்து எந்த நோட்ஸ் ஆசிரியரும் சிரித்ததாக நான் படித்ததில்லை.