திணையும் தரிசும்: சூழல் பற்றிய மனப்பாங்கும் மொழியின் பகுப்பும்

1. சிக்கல்

மனிதன் தன் சூழலோடு கொள்ளும் உறவு அவனுடைய அகத்தில் உருவாகும் மனப்பாங்கைப் பொறுத்தது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் கருத்தாகும். காடு அழிவதற்கும் ஆறு மாசடைவதற்கும் கருவிகளும் தொழிற்சாலைகளும் மட்டுமே காரணமல்ல; அவற்றை இயக்கும் மனத்தில் இயற்கை எத்தகைய இடம் பெற்றுள்ளது என்பதே அடிப்படை என்பர். பொதுநிலையில் இது உண்மையே. ஆயின் மனப்பாங்கு நேரே புலனாவதன்று. அதனை எங்கே தேடுவது, எதனை அதற்குச் சான்றாகக் கொள்வது என்னும் வினாக்களுக்கு விடை காணாதவரை இக்கருத்து அறிவுரை என்ற அளவிலேயே நின்றுவிடும்.

தமிழில் இவ்வினாக்களுக்கு வழக்கமாகத் தரப்படும் விடை சங்க இலக்கியத்தின் திணைக் கோட்பாடாகும். நிலமும் பொழுதும் முதற்பொருளாகவும், மரம், விலங்கு, பறவை, தெய்வம், தொழில் முதலியன கருப்பொருளாகவும், மனித உணர்வு உரிப்பொருளாகவும் அமைந்த இக்கோட்பாடு, பண்டைத் தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தமைக்குச் சான்றெனக் காட்டப்படுகிறது. நிர்மல் செல்வமணி போன்றோர் திணையை நிலமும் உயிர்களும் மனிதரும் தெய்வமும் இணைந்த ஒரு குடும்பமாகவே காண்பர். இவ்விளக்கம் ஆழமானது. ஆனால் இதனைப் பின்பற்றி எழுதப்படும் பல கட்டுரைகள், 'அன்று இயைபு இருந்தது, இன்று இல்லை' என்னும் எளிய முடிவுடன் நின்றுவிடுகின்றன. இம்முடிவு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை மொழிச் சான்றுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இயற்கையைப் போற்றும் சொற்களைவிட, அதனை அன்றாடம் பகுக்கவும் பதிவு செய்யவும் பயன்படும் சொற்களிலும் தொடர்களிலுமே மனப்பாங்கு தெளிவாக வெளிப்படுகிறது என்பது இங்கு நிறுவ முயலும் கருத்தாகும்.

2. இருவகை விளக்கங்கள்

மனப்பாங்கையே முதற்காரணமாகக் கொள்ளும் நோக்கு 1967இல் லின் ஒயிட் எழுதிய கட்டுரையால் பெரிதும் பரவியது. சூழல் நெருக்கடியின் வேர், மனிதனை இயற்கைக்கு மேலாக வைத்த மேற்கத்தியச் சமயச் சிந்தனையில் உள்ளது என அவர் வாதிட்டார். அடுத்த ஆண்டே புவியியலறிஞர் யீ ஃபூ துவான் இதற்கு ஒரு தடையை எழுப்பினார். இயற்கையை வணங்கும் தத்துவங்களும் ஓவியங்களும் செழித்த சீனாவிலும் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. எனவே ஒரு சமுதாயம் வெளிப்படுத்தும் மனப்பாங்கும் அதன் செயலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். திணைக் கோட்பாட்டைப் புகழ்வோர் இத்தடையைப் போதிய அளவு கருதியதாகத் தெரியவில்லை.

மொழியியலார் இச்சிக்கலை வேறு வழியில் அணுகினர். எட்வர்டு சபீர் 1912இலேயே, புறச்சூழல் ஒரு மொழியின் சொற்களஞ்சியத்தில் பதிவாகுமேயன்றி அதன் இலக்கண அமைப்பில் அவ்வாறு பதிவாவதில்லை என்றார். இதற்கு மாறாக, மைக்கேல் ஹாலிடே 1990இல் கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் ஆற்றிய உரையில் இலக்கணத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். நீர், காற்று, எண்ணெய் போன்றவற்றை எண்ண முடியாத பெயர்களாக ஆக்குவதால் ஆங்கிலம் அவற்றை வரம்பற்றனவாகக் காட்டுகிறது. உணர்வுடைய மனிதரையும் பிறவற்றையும் வேறுவேறு பதிலிடு பெயர்களால் பிரிக்கிறது. மனிதரல்லாதவற்றுக்கு வினைமுதலாகும் தகுதியைக் குறைக்கிறது என்பன அவர் கூறிய குறைகள். இவற்றைத் தமிழில் வைத்துச் சோதித்தால் பயனுள்ள சில வேறுபாடுகள் புலப்படுகின்றன.

3. உயர்திணையும் அஃறிணையும்

ஹாலிடே கூறும் மனிதர், பிறர் என்னும் பிளவு ஆங்கிலத்தைவிடத் தமிழில் கூர்மையானது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குவதே இப்பிளவோடுதான். ஆங்கிலத்தில் பதிலிடு பெயரோடு நின்றுவிடும் வேறுபாடு தமிழில் வினைமுற்றின் ஈறு வரை தொடர்கிறது. எனவே இலக்கணம் மனப்பாங்கை முற்றாகத் தீர்மானிக்கிறது எனின், தமிழர் இயற்கையை ஆங்கிலேயரினும் அயலாகக் கருதியிருத்தல் வேண்டும். திணை என்னும் அதே சொல் ஓரிடத்தில் மனிதரைப் பிறவற்றிலிருந்து பிரிக்கவும், மற்றோரிடத்தில் பிறவற்றோடு இணைக்கவும் பயன்பட்டுள்ளது. ஒன்றை மட்டும் தமிழ் மனத்தின் சான்றாகக் காட்டி மற்றதை மறைத்தல் முறையாகாது.

ஆயின் இலக்கணம் வரைந்த எல்லையை வழக்கு பலவாறு கடந்துள்ளது. தொல்காப்பிய மரபியல், புல்லும் மரமும் ஓரறிவுயிர் என்பதில் தொடங்கி மனிதர் வரை எல்லா உயிர்களையும் ஒரே வரிசையில் வைக்கிறது. இளமைப் பெயர்களையும் அவ்வியல் உயிரினங்களுக்குப் பொதுவாகப் பகிர்ந்தளிக்கிறது. இன்றும் தென்னையின் இளமை 'பிள்ளை'. மாவின் இளமை 'கன்று'. அணிலும் கிளியும் கீரியும் 'பிள்ளை' என்னும் ஒட்டைப் பெறுகின்றன. உவப்பு, சிறப்பு, சினம் முதலிய காரணங்களால் ஒரு திணைப்பொருளை மற்றொரு திணையாகக் கூறலாம் என நன்னூல் விதிக்கிறது. பசுவைத் தாயெனக் கருதி 'வந்தாள்' என முடிப்பது இவ்வகையில் அடங்கும். வகுப்பு மாறுவதற்குப் பேசுவோரின் மனநிலையே காரணம் என்பதை இலக்கண நூலே ஒப்புக்கொள்வது இங்குக் கருதத்தக்கது.

எண்ண முடியாத பெயர் பற்றிய வாதத்திற்கும் இத்தகைய விடை உண்டு. தமிழிலும் 'தண்ணீர்' எண்ணுப் பெயரன்று. ஆனால் உழவர் மழையை 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என அளந்தனர். வாய்க்கால் நீரை 'முறை' வைத்துப் பகிர்ந்தனர். இலக்கணம் தராத வரம்பை அளவுச் சொல் தந்தது. அவ்வரம்பு தொழிலிலிருந்து பிறந்தது. தொழில் மறையும்போது சொல்லும் மறைகிறது. இவ்விடத்தில் சபீரின் கருத்தே ஹாலிடேயின் கருத்தினும் பொருத்தமாக உள்ளது.

4. வினையும் வினைமுதலும்

வினைமுதல் பற்றிய வாதமோ தமிழில் எதிர்பாராத வடிவம் கொள்கிறது. தமிழில் மனிதரல்லாதவை வினைமுதலாவதற்கு இலக்கணத் தடை ஏதுமில்லை. மழை பெய்கிறது, ஆறு பெருகுகிறது, கடல் உள்வாங்குகிறது. எனவே கேட்க வேண்டிய வினா, எப்பொழுது எதனை வினைமுதலாக்குகிறோம் என்பதே.

தமிழில் தன்வினை, பிறவினை இணைகள் மிகுதி. தூர்ந்தது, தூர்த்தனர், அழிந்தது, அழித்தனர், சுருங்கியது, சுருக்கினர் என்பன அத்தகையன. நாளிதழ்ச் செய்திகளிலும் அரசு அறிக்கைகளிலும் சூழல் கேட்டைக் குறிக்கும்போது இவ்விணைகளுள் முதல் உறுப்பே மிகவும் எடுத்தாளப்படுகிறது. ஏரி 'தூர்ந்து போனது', காடு 'அழிந்து வருகிறது', ஆறு 'மாசடைந்தது', வரத்துக்கால் 'அடைபட்டது'. செய்தவர் தொடரில் இல்லை. செயப்பாட்டு வினை ஆளப்படும்போதும் 'ஏரி ஆக்கிரமிக்கப்பட்டுள்ளது' என்ற அளவில் தொடர் முடிந்துவிடுகிறது.

இதே பக்கங்களில் வேறொரு வகைத் தொடரும் உண்டு. யானை ஊருக்குள் 'புகுந்தது', 'அட்டகாசம் செய்தது'; வெள்ளம் குடியிருப்புகளைச் 'சூழ்ந்தது'; கடல் கரையை 'விழுங்கியது'. இவற்றில் வினைமுதல் தெளிவாக உள்ளது. வினையும் செயலாற்றல் மிக்கது. இரண்டையும் ஒருசேர நோக்கினால், மனிதரால் இயற்கைக்குத் தீங்கு நேரும்போது வினைமுதல் மறைவதும், இயற்கையால் மனிதருக்குத் தீங்கு நேரும்போது வினைமுதல் முன்வருவதும் விளங்கும். யானையின் வழித்தடத்தில் எழுந்த கட்டடத்திற்குக் கட்டியவர் இல்லை. அவ்வழியே நடந்த யானைக்கு மட்டும் குற்றம் உண்டு. ஹாலிடே கூறியவாறு மொழி இயற்கைக்குச் செயலாற்றலை எப்பொழுதும் மறுப்பதில்லை. பழி சுமத்தும்போது தாராளமாகவே அளிக்கிறது.

இது தமிழின் இலக்கணத்தால் விளைந்ததன்று என்பதற்குப் பழைய இலக்கியமே சான்று. பட்டினப்பாலை, கரிகாலன் காட்டை நாடாக்கியதையும் குளம் வெட்டியதையும் அவன் பெருமையாகவே கூறுகிறது. அந்நூலில் காடு தானே அழியவில்லை, வேந்தனே வினைமுதல். காட்டை நீக்கிய செயலுக்குப் புலவர் தேர்ந்த வினையோ 'கொல்லுதல்'. இங்கு இயற்கை காக்கப்படவில்லை. ஆனால் செயலும் செய்தவனும் மறைக்கப்படவுமில்லை. 'அன்று இயைபு, இன்று அழிவு' என்னும் எளிய பாகுபாட்டை இப்பகுதி ஏற்காது. அன்றும் காடு அழிக்கப்பட்டது. வேறுபாடு, அழிவைச் சொல்லும் முறையில் உள்ளது.

5. பாலையும் தரிசும்

நிலத்தைப் பகுக்கும் சொற்களில் மனப்பாங்கு செயலாகவே மாறிவிடுகிறது. இதற்குப் பாலையும் தரிசும் தக்க எடுத்துக்காட்டுகள். தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்கிறது சிலப்பதிகாரம். எனவே பாலை என்பது நிலத்தின் வகையன்று. நிலத்திற்கு ஒரு பருவத்தில் நேரும் நிலை. மழை வந்தால் அது மீண்டும் முல்லையாகும். வறண்ட நிலத்தையும் 'பயனற்றது' என ஒதுக்காத பகுப்பு இது.

'தரிசு' என்னும் சொல்லும் உழவர் வழக்கில் ஒருவகையில் நிலையைக் குறிப்பதே. பயிரிடாது விட்ட நிலம் தரிசு, உழுதால் அது நீங்கும். வருவாய்த் துறையின் ஏடுகளில் அச்சொல் நிலையான வகுப்பாயிற்று. 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்னும் பிரிவுகளில் அளவுகோல் மண்ணோ நீரோ உயிரோ அன்று, வரியே. பயிரிடப்படாத நிலம் வீணானது என்னும் கருத்து, 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக் எழுதிய அரசியல் நூலில் விரிவாக இடம்பெற்றது; ஆங்கிலேய ஆட்சியின் நிலவரி முறை அதனை இந்தியாவின் ஊர்தோறும் பதிவேட்டில் ஏற்றியது. 'புறம்போக்கு' என்பதன் வரலாறும் இத்தகையது. மேய்ச்சல், ஏரி, வண்டிப்பாதை, சுடுகாடு என ஊருக்குப் பொதுவாக இருந்தவை வரிக்குப் புறம்பாதலின் அப்பெயர் பெற்றன. இன்று பேச்சு வழக்கில் அது மனிதரை இழித்துரைக்கும் வசைச் சொல்லாகிவிட்டது. பொதுவுடைமையின் பெயர் வசையாக மாறிய சமுதாயத்தில் பொதுநிலத்தின் கதி யாதாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இப்பகுப்பு விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. 1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. 2000இல் வெளிவந்த இந்தியத் தரிசுநில வரைபட நூலில் சதுப்பு நிலமும் புதர்க்காடும் மணற்பரப்பும் பனி மூடிய மலைப்பகுதியும்கூடத் தரிசின் வகைகளாக இடம்பெற்றன. சென்னைக்குத் தெற்கே 'கழுவெளி' எனப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பில் பல்லாண்டுகள் நகரின் குப்பை கொட்டப்பட்டது. கழுவெளி என்றவர்களுக்கு அது வெள்ளம் வடிந்து பரவும் வெளி. தரிசு என்றவர்களுக்கு அது நிரப்ப வேண்டிய பள்ளம். 2007இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. நிலம் அதுவே, வகுப்பு மாறியதும் அதனிடத்துச் செய்யத்தக்கவையும் தகாதவையும் மாறின.

6. போற்றுதலும் பகுத்தலும்

மனப்பாங்கை மாற்ற இயற்கையைத் தாயாகவும் தெய்வமாகவும் மீண்டும் போற்றினால் போதும் என்பாருமுளர். இவ்வழி நீதிமன்றங்களையும் எட்டியுள்ளது. 2017 மார்ச்சில் உத்தராகண்ட உயர்நீதிமன்றம் கங்கைக்கும் யமுனைக்கும் சட்டவழி ஆள்தன்மை அளித்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இலக்கணத்தின் மொழியில் கூறின், இது அஃறிணையை உயர்திணையாக்கும் முயற்சி. ஆனால் கங்கை நெடுங்காலமாகவே தாய். காவிரி சிலப்பதிகாரத்திலேயே பெண்ணாக விளிக்கப்பட்டவள். அவ்விளி அவ்வாறுகளைக் கழிவுநீரிலிருந்து காக்கவில்லை. துவான் எழுப்பிய தடை இங்கும் பொருந்துகிறது.

இதற்கு மாறாக இராசத்தானின் 'ஓரண்'களைக் கருதலாம். இவை ஊர்த் தெய்வத்தின் பெயரால் காக்கப்பட்டு, கால்நடைகள் மேயும் புல்வெளிகளும் புதர்க்காடுகளும் ஆகும். மக்கள் வழக்கில் அவற்றுக்குப் போற்றுதல் குறையவில்லை. ஆயினும் பதிவேடுகளில் பல ஓரண்கள் தரிசென்றே குறிக்கப்பட்டிருந்தமையால், சூரிய மின் நிலையங்கள் போன்ற திட்டங்களுக்கு அவை எளிதில் ஒதுக்கத்தக்கனவாயின. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றை அளந்து வரைபடமாக்கிக் காடாக வகைப்படுத்துமாறு இராசத்தான் அரசுக்கு வழிகாட்டியது. வழிபாடு தராத காப்பை வகுப்பு மாற்றம் தரக்கூடும் என்பதற்கு இது சான்று. மின்னாக்கம் போன்ற நல்ல நோக்கமும் தவறான வகுப்பின்மேல் நின்றால் அழிவே தரும் என்பதும் இதனால் பெறப்படும்.

7. முடிவுரை

மனப்பாங்கு சூழலோடு கொள்ளும் உறவை உருவாக்குகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அம்மனப்பாங்கை இலக்கணத்தின் ஈறுகளிலோ இலக்கியத்தின் புகழுரைகளிலோ மட்டும் தேடுதல் பயன் தராது. எந்தச் செயலுக்கு வினைமுதலைச் சொல்கிறோம், எதற்கு மறைக்கிறோம் என்பதும், ஒரு நிலத்தை எந்த அளவுகோலால் பகுத்து எப்பெயரால் பதிவு செய்கிறோம் என்பதுமே நம்பகமான சான்றுகள். திணைக் கோட்பாட்டிலிருந்து இன்று பெறத்தக்கது இயற்கை வழிபாடன்று. நிலத்தை அதன் நீராலும் பருவத்தாலும் உயிர்களாலும் தொழிலாலும் பெயரிட்டு அறியும் முறையே.

இவ்வகையில் மொழியியலார்க்கு உடனடிப் பணி ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் குளங்களும் உள்ளன எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஏரி, கண்மாய், தாங்கல், ஏந்தல், ஊருணி என அவற்றுக்கும், மதகு, மடை, கலிங்கு, வரத்துக்கால் என அவற்றின் உறுப்புகளுக்கும், நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என அவற்றைப் பேணியவர்களுக்கும் வழங்கிய சொற்கள் இன்று 'நீர்நிலை' என்னும் ஒரு பொதுச்சொல்லில் கரைந்து வருகின்றன. வரத்துக்கால் என்னும் சொல்லை அறியாதவர்க்கு அதன்மேல் எழும் கட்டடம் வெற்று நிலத்தில் எழுவதாகவே தோன்றும். வட்டாரந்தோறும் இச்சொற்களைப் பொருளோடும் பயன்பாட்டோடும் தொகுத்து, நிலப்பதிவேடுகளின் வகுப்புகளோடு ஒப்பிட்டு வெளியிடுதல் வேண்டும். இச்சொற்களைப் பயன்படுத்திய தலைமுறை மறைவதற்குள் அப்பணி தொடங்கப்படல் வேண்டும்.